சீலைக்கு வெயில் காட்டிய காளியாத்தாள்

“என்ற கண்ணை மயக்கற துணி இன்னும் எந்தத் தறியிலயும் ஏறலைங்க. கடைக்காரன் பேச்சைக் கேட்டு நான் ஒரு முழம் ரிப்பன் வாங்குனேன்னு ஆராச்சும் சொன்னா, அன்னிக்கு என்ற பேரை மாத்திக் கூப்பிடுங்க.”

எலப்புள்ளிக்குக் கிழக்கே ஒரு கல்யாண வீட்டில், 1971ஆம் வருடம், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், தென்னந்தோப்பு சென்னியப்பனின் மனைவி காளியாத்தாள் இப்படி அறிவித்தாள். கூடியிருந்த நாற்பது ஐம்பது பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வாய் நிறைய வெற்றிலை இருந்தது ஒரு காரணம் என்றாலும், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றே கொள்ள வேண்டும்.

பேரை மாற்றிக் கூப்பிடச் சொன்னது சும்மா சொன்னதல்ல. அவளுக்கு ஏற்கெனவே ஒரு மாற்றுப் பேர் இருந்தது. அவள் கல்யாணத்துக்கு மாமனார் எடுத்த பச்சைச் சீலையை, ‘சாயம் கெட்டி, என் குழந்தை மேல ஆணை’ என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றான். முகூர்த்த நேரத்தில் மழை பிடித்தது. கடைக்காரனின் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. மணப்பெண்ணின் முழங்கை பச்சையாயிற்று, மாப்பிள்ளையின் வேட்டி பச்சையாயிற்று, தாலி எடுத்துக் கொடுத்தவரின் விரல்கூடப் பச்சையாயிற்று. அன்றிலிருந்து அவள் ஊருக்கு ‘பச்சைப் பொண்ணு’. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் பச்சைப் பொண்ணு. அந்தப் பேரைக் கழற்றிப் போட அவளுக்குப் பத்து வருடம் ஆனது. கழற்றியது சந்தேகத்தால்.

அந்தப் பத்து வருடத்தில் அவள் எல்லாக் கடைக்காரர்களையும், எல்லாத் துணியையும், முடிந்த அளவுக்கு எல்லா மனிதர்களையும் சந்தேகப்பட்டாள். அது வீண் போகவில்லை. எழுபதாம் வருடம் வாக்கில், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனாலும் காளியாத்தாள் இல்லாமல் கோயமுத்தூருக்கு வண்டி ஏறுவதில்லை என்ற நிலைமை வந்தது. திரும்பி வரும் வழியில், மாநில எல்லையிலுள்ள வாளையார் செக்போஸ்டில் அரிசி கடத்துகிறார்களா என்று சர்க்கார் பையைக் குத்திப் பார்க்கும். சர்க்காரின் சோதனை அவ்வளவுதான். காளியாத்தாளின் சோதனை அதற்கு முன்பே பெரிய கடைவீதியில் முடிந்திருக்கும்.

கடையில் நுழைந்ததும் கலர் சோடா கொண்டுவந்து வைப்பார்கள். அவள் தொடமாட்டாள். “உள்ள ஓட்டை இருக்கறவன்தான் வாசல்ல பந்தல் போடுவான்” என்பாள். அடுத்து, டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் காக்கையும் கிளியாகத் தெரியும் என்பது அவள் கண்டுபிடிப்பு. ஆகையால் பிடித்த சீலையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறு முனையைக் கடைக்காரரிடம் கொடுத்து, இருவருமாகத் தெருவுக்கு நடந்து வந்து வெயில் காட்டுவார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கிக் குனிந்து போவார்கள். பிறகு எச்சில் தொட்டுத் தேய்த்தல். கடைசியாக, மடியிலிருந்து தீப்பெட்டி. ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்து, சாம்பலை விரலில் நசுக்கி, முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். பற்ற வைக்கும்போது ஒரு கடையில் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு முருகனை அழைத்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

ஜவுளி முடிந்தால் வீட்டுச் சாமான். எவர்சில்வர் குடத்தை மோதிர விரலால் தட்டி, கண்ணை மூடி, சுருதி சேர்க்கிறவளைப்போலக் கேட்பாள். ஜன்னல் திரைச்சீலை விற்கிற கடைக்காரரிடம், “ஏனுங்க, ஜன்னலுக்கு எதுக்குச் சீலை? அது வயசுக்கு வந்துருச்சா?” என்று விசாரித்திருக்கிறாள். பிளாஸ்டிக் ரோஜாவை முகர்ந்து பார்த்தாள். “வாடாத பூ எதையோ மறைக்குது” என்று வைத்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. முதல் கடையிலேயே நல்ல சரக்கு கிடைத்துவிட்டாலும் ஏன் பதிமூன்று கடை ஏறி இறங்குகிறாள்? பஸ் எட்டு மணிக்கு என்றால் ஏழு மணிக்கே ஏன் நிற்கிறாள்? பட்டுச்சீலையைக் கடைக்காரர் ‘பட்’டென்று உதறி விரிக்கும் சத்தத்தில், புதுத்துணியின் கஞ்சி வாசனையில், அவள் முகம் ஏன் அப்படி இளகுகிறது? கேட்டிருந்தால், “சந்தேகம் தீர வேண்டாமா?” என்றிருப்பாள். ஆளுயரக் கண்ணாடியைக் கடக்கும்போது மூன்று தரம் திரும்பிப் பார்ப்பாள். கண்ணாடியின் மீதும் அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அவளுக்கென்று அங்கே ஒரு நூலும் எடுத்ததில்லை. வருடத்துக்கொரு தரம், பக்கத்திலிருக்கும் சித்தூர் கைத்தறிக் கடையில், ஐந்து நிமிடத்தில், செங்கல் நிறத்தில் ஒரு சீலை. பெட்டியில் பன்னிரண்டு செங்கல் சீலைகள் இருந்தன. அடுக்கினால் ஒரு சுவர் எழுப்பலாம்.

எழுபத்து நாலாம் வருடம் தை மாதம், அவள் தம்பி ஈஸ்வரமூர்த்தியின் மகள் மயிலாத்தாளுக்குக் கல்யாணம் கூடியது. முகூர்த்தச் சீலை, கோடித்துணி, ஒறம்பரைச் சொந்தங்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேட்டி எல்லாம் முடிந்து, மறுவீட்டுக்குப் போகும்போது கட்ட ஒரு சீலை பாக்கி. அதை மட்டும் பெண்ணே தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று தகப்பன் சொல்லியிருந்தான். ‘இஷ்டம்’ என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்தே காளியாத்தாள் மடியிலிருந்த தீப்பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பெரிய கடைவீதியில் ஒரு கடை வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பொம்மை நின்றது. மயில்கழுத்து நீலத்தில், பொடி வெள்ளைப் பூப்போட்ட சீலை கட்டியிருந்தது.

“ஏனுங்கத்தை, அந்தப் பொம்மை கட்டியிருக்கறது…” என்றாள் மயிலாத்தாள்.

“பொம்மைக்கு அடுப்படி வேலையா, இடுப்பு நோவா? எதைக் கட்டுனாலும் நிக்கும்.”

விற்பனைக்கு நின்ற பொன்ராஜ் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், புதியவர், காளியாத்தாளின் பேரைக் கேள்விப்படாதவர். “நைலெக்ஸும்மா, புதுசா வந்த நைலான் துணி. கசங்காது, சுருங்காது, சாயம் போவாது. நனைச்சு உதறுனா அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும்” என்றார்.

ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் காளியாத்தாளின் சந்தேகம் ஒரு படி ஏறியது. “கசங்காது, சுருங்காது, சாயமும் போகாது. அப்ப அது என்னதான் பண்ணும்?”

“கட்டிக்கிடலாம்மா” என்றார் பொன்ராஜ்.

பொம்மையிடமிருந்து சீலை கழற்றப்பட்டது. தெருவுக்குப் போனார்கள். வெயிலில் காட்டினால் மற்றச் சீலைகள் பல்லிளிக்கும். இது வெயில் பட்டதும் தண்ணீர்போல ஓடியது. பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கூட நின்ற சூரியனே அன்று கட்சி மாறிவிட்டதாகக் காளியாத்தாளுக்குப் பட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது. தீப்பெட்டியை எடுத்தாள். நூல் எரியவில்லை. சுருண்டு, உருகி, கடுகுபோல ஒரு மணியாகி நின்றது.

அவளுக்கு மூச்சு வந்தது. “பாத்துக்க அம்முணி. துணின்னா சாம்பலாகோணும். இது கடுகாகுது. இது சீலையில்ல, மெழுகு. நாளைக்கு மறுவீட்ல அடுப்புக்கிட்ட நின்னீன்னா உன்ற மேலயே ஒட்டிக்கும். பொறவு ஊரு என்ன பேரு வெக்குமோ, ஆரு கண்டா.”

ஈஸ்வரமூர்த்தி, “அக்கா சொன்னாச் சரிதானுங்க” என்றான். கெட்டியான பருத்திச் சீலை ஒன்று எடுக்கப்பட்டது. நிறம், ஏறக்குறைய செங்கல்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் அழவில்லை, கோபிக்கவில்லை. அதுதான் காளியாத்தாளை உறுத்தியது. ஆசைப்பட்ட சீலை கிடைக்காத பெண் மூக்கையாவது உறிஞ்ச வேண்டும். இது ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தை எண்ணிக்கொண்டு வருகிறது. தகப்பனோ தூங்குகிறான். தூங்குகிறானா, தூங்குவதுபோல் இருக்கிறானா? கஞ்சிக்கோடு தாண்டும்போது இன்னொன்றையும் கவனித்தாள். அவளுடைய கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன, அந்தச் சீலையைப் பிடித்த மாதிரியே. துணியில் ஏதோ தடவியிருக்கிறான் என்று விரலை முகர்ந்து பார்த்தாள். வாசனை எதுவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவள் தம்பி வீட்டைக் கண்காணித்தாள். இருவரும் சேர்ந்து கள்ளத்தனமாகப் போய் அந்த மெழுகை வாங்கி வந்துவிடுவார்கள் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. வாங்கி, அது உருகினால், ‘காளியாத்தா எடுத்துக் குடுத்த சீலை’ என்றுதான் ஊர் சொல்லும். உருகாவிட்டால் இன்னும் மோசம். ‘காளியாத்தாளுக்குத் துணி பாக்கத் தெரியல’ என்று சொல்லும். எந்தப் பக்கம் போனாலும் வழியில் பச்சைப் பொண்ணு நின்றுகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஈஸ்வரமூர்த்தி தேய்த்த வெள்ளைச் சட்டையில் பஸ் ஏறினான். கேட்டதற்கு, கொழிஞ்சாம்பாறையில் மாடு பார்க்கப் போவதாகச் சொன்னான்.

“மாடு பாக்கப் போறவன் தேச்ச சட்டை எதுக்குப் போடறான்? மாடா இவனைப் பொண்ணு பாக்குது?” என்றாள் வீட்டுக்கு வந்து.

சென்னியப்பன் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். “உன்ற தம்பி குளிச்சதையும் வேண்ணா எழுதி வெச்சுக்க.”

“நான் கோயமுத்தூர் போயிட்டு வாறனுங்க. கண்ணு காட்டோணும்.”

“எந்தக் கண்ணு புள்ளெ? அந்த மயங்காத கண்ணா?”

அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். தனியாகக் கோயமுத்தூர் போவது அதுவே முதல் தடவை. பெரிய கடைவீதியில் இறங்கி, திருடனைப் பிடிக்கப் போகிற போலீஸ்காரரின் நடையில் நடந்து, கண்ணாடிக் கூண்டின் முன் நின்றாள்.

பொம்மை ரோஜா நிறத்தில் வேறு சீலை கட்டியிருந்தது.

வந்த காரியம் பலித்துவிட்டது. திருடர்கள் அகப்பட்டார்கள். ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. நெஞ்சுக்குள் எதையோ யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது. உள்ளே போய், “ஏனப்பா, அந்த நீலச் சீலை வித்துப் போச்சா? வெள்ளைச் சட்டைக்காரரு ஆராச்சும் வந்தாங்களா?” என்று கேட்டாள்.

பொன்ராஜ் அவளை அடையாளம் கண்டு இரண்டடி பின்வாங்கினார். “யாரும் வரலம்மா. இன்னைக்கு நீங்கதான் முதல் ஆளு. ஓரத்துல நூல் உருவுனது தெரியுதுன்னு முதலாளி அதைப் பொம்மையில இருந்து எடுக்கச் சொல்லிட்டாரு. அலமாரியில கிடக்கு.”

ஆக, ஈஸ்வரமூர்த்தி மாடு பார்க்கத்தான் போயிருந்தான். ஒரு வாரமாகப் பாடுபட்டு வளர்த்த சந்தேகம் நிற்க இடமில்லாமல் தவித்தது. தவித்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல், அவள் பக்கமே திரும்பியது. பஸ் ஏறியது எதற்கு? கண்டுபிடிக்கவா, காணாமல் போயிருக்கக் கூடாதே என்று பார்க்கவா?

“அதை ஒருக்கா எடுத்துக் காட்டு. தப்பு ஏதாச்சும் விட்டுட்டனோன்னு பாக்கத்தான்.”

அவள் மேசை முன் உட்கார, பொன்ராஜ் உதறி விரித்தார். நீலம் மேசையெங்கும் வழிந்து அவள் மடிவரைக்கும் வந்தது. அவள் கையை அதன் அடியில் விட்டுத் தூக்கிப் பார்த்தாள். கனமே இல்லை. வியர்த்திருந்த கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. டியூப்லைட் தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தெருவுக்குக் கொண்டு போவமாம்மா?” என்று பொன்ராஜ் ஒரு முனையைப் பிடித்துத் தயாராக நின்றார்.

“வேண்டாம். வெயில்லதான நடந்து வந்தேன்.”

“தீப்பெட்டி…”

“அடுப்புப் பத்த வெக்கவா வந்திருக்கறேன்? மடிச்சுக் கட்டு. மயிலாத்தாளுக்கு.”

ஊருக்குப் போய் இதை எப்படிச் சொல்வது? அத்தை தீர்ப்பை அத்தையே மாற்றினாள் என்று பொழுது சாய்வதற்குள் நாலு ஊருக்குத் தெரிந்துவிடும். பொன்ராஜ் பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். அவள் வாங்கினாள். எழுந்திருக்கவில்லை.

“இதே மாதிரி இன்னொன்னு இருக்குதா?”

“நீலத்துல அது ஒண்ணுதாம்மா. கத்தரிப்பூ இருக்கு, மாம்பழ மஞ்சள் இருக்கு. கல்யாணப் பொண்ணோட தங்கச்சிக்கா?”

“இல்ல. ஒரு பொம்பளைக்கு.” பொட்டலத்தின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: “என்ற வயசுதான் இருக்கும். என்ற நெறந்தான்.”

பொன்ராஜ் இரண்டையும் எடுத்துப் போட்டார். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நூல் உருவவில்லை, எச்சில் தொடவில்லை. பிறகு அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி,

“எது எடுப்பா இருக்கும்னு நீயே சொல்லப்பா” என்றாள்.

பொன்ராஜ் அவள் முகத்தையும் துணியையும் நிதானமாகப் பார்த்து, “கத்தரிப்பூம்மா” என்றார்.

“அப்ப அதையே கட்டு” என்றாள் காளியாத்தாள்.