கண்காட்சியில் சாவித்ரியின் படம்

பத்தாவது பாஸ் என்று பொய் சொல்லித்தான் சாவித்ரி தாம்பரம் பக்கம் இருந்த ஏற்றுமதித் தையல் கம்பெனியில் சேர்ந்தாள். சர்டிபிகேட் மழையில் வீணாகிவிட்டது, புதுசு வாங்கித் தருகிறேன் என்றாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. புருஷன் விட்டுப்போன பிறகு பீர்க்கன்கரணை வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடின. 2006 பொங்கல் முடிந்ததும் வந்தது இடி. ஜூனுக்குள் எல்லாரும் சர்டிபிகேட் காட்ட வேண்டுமாம்.

பள்ளியில் அவள் தவறியது கணக்கில் மட்டும். அதைத் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டால், பாஸான வருஷத்தைப் பற்றிக் கேட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று துணிந்தாள்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் அஃப்ஷான், பக்கத்துத் தெருப் பெண். குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாவது. அங்கே ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு சமூக சேவையைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும், அதற்கு மார்க் உண்டு. மற்றவர்கள் மரம் நட்டார்கள். இவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாவித்ரியின் சமையலறையில் உட்கார்ந்து அல்ஜீப்ரா நடத்தினாள். கம்பெனியில் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சட்டைகளுக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்த சாவித்ரியிடம் பக்கத்து மிஷின்காரி பேச்சுவாக்கில் சொன்னாள்: "மேனேஜர் சார் இன்னிக்கு மத்தியானம் இருக்க மாட்டாரு. குரோம்பேட்டைல ஏதோ ஸ்கூல் எக்ஸிபிஷனாம், சேவை பண்ண பசங்களுக்குப் பரிசு குடுக்கப் போறாரு."

அது அஃப்ஷானின் பள்ளிதான் என்று சாவித்ரிக்குப் புரிந்தது. போன வாரம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அஃப்ஷான் படம் எடுத்திருந்தாள். எதற்கென்று சாவித்ரி கேட்கவில்லை.

வயிற்றுவலி என்று சொல்லி வெளியே வந்தாள். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸெல்லாம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தன. சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் பிடித்தாள். அடுத்த ஸ்டேஷன்தான், ஆனாலும் அன்றைக்கு அந்த ரயில் ஊர்ந்தது.

பள்ளி அரங்கில் நுழைந்ததுமே கண்ணில் பட்டது பலகையில் ஒட்டியிருந்த சார்ட்: பெரிய எழுத்தில் அவள் பெயரும் நோட்டில் குனிந்திருக்கும் அவள் முகமும். மேனேஜர் துளசிங்கம் மூன்று மேஜை தள்ளி ஒரு பையனிடம் உரம் தயாரிப்பது பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அட, நீங்களாக்கா" என்று அஃப்ஷான் சிரித்தாள்.

"அத எடுத்துடும்மா."

"ஏன்க்கா? நல்லா இல்லையா?"

"அவரு எங்க மேனேஜரு. பத்தாவது பாஸுன்னு சொல்லித்தான் நான் அங்க வேலைல கீறேன்."

அஃப்ஷானின் சிரிப்பு அப்படியே உறைந்தது. திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் அடுத்த மேஜைக்கு வந்திருந்தார். சார்ட்டின் மேல் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். பசை விடவில்லை, காகிதம் நடுவில் கிழிந்தது. மிச்சத்தை நகத்தால் சுரண்டி எடுத்துச் சுருட்டி மேஜைக்கடியில் தள்ளினாள். சாவித்ரி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குள் ஒதுங்கினாள்.

மேனேஜரோடு வந்த, சேவைத் திட்டத்துக்குப் பொறுப்பான வாத்தியார் தனசிங்குக்குக் கோபம். "எங்கம்மா உன் சார்ட்? காலைல இருந்துதே."

"ஒருத்தங்க போட்டோவ அவங்கள கேக்காம வெச்சுட்டேன் சார். தப்புன்னு எடுத்துட்டேன்."

"யாருக்கும்மா சொல்லிக்குடுத்தே?" என்றார் துளசிங்கம்.

"ஒரு அக்காவுக்கு சார்."

"பேரு?"

"அத சொல்ல முடியாது சார். மன்னிச்சுக்கங்க."

அவர் வெற்றுப் பலகையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். தலையசைத்துவிட்டு அவர் நகர்ந்தார்.

திங்கட்கிழமை அவள் மிஷினைக் கடந்தபோது நின்றார். "வயித்துவலி எப்படி இருக்கு?"

"தேவலாம் சார்."

அவ்வளவுதான் கேட்டார்.

அந்தச் சேவைக்கு வகுப்பிலேயே குறைந்த மார்க் அஃப்ஷானுக்கு. சாவித்ரி மன்னிப்புக் கேட்கப் போனபோது, "கேக்காம படத்த வெச்சது நான்தானேக்கா" என்றாள். திட்டம் முடிந்தும், பரீட்சை வரை ஞாயிறு தவறாமல் வந்தாள்.

சாவித்ரி தேறினாள். ஜூனில் கொடுத்த சர்டிபிகேட்டை கிளார்க் பாஸான வருஷத்தில் விரல் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு மேனேஜர் அறைக்குள் கொண்டுபோனார். அன்று மாலை வரை கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வேலை போகவில்லை. சீனியாரிட்டிப்படி அவளுக்கு வர வேண்டிய சூப்பர்வைசர் பதவியும் வரவில்லை, அது ஏன் என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து பன்னிரண்டாவது எழுத விண்ணப்பித்தபோது மட்டும், பரீட்சைக்கு லீவு வேண்டும் என்று கம்பெனியில் மறைக்காமல் சொல்லிவிட்டே போனாள்.