பூதம் பிரேக் பிடிக்கவில்லை

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்புறம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் லென்ஸ் வெட்டும் இயந்திரம் ஒன்று, வளைந்து கொடுக்கும் கழுத்துள்ள விளக்கு ஒன்று, உயரமான ஸ்டூல் ஒன்று. வேலைச் சீட்டு ஒட்டிய தட்டுகளில் ஃபிரேம்கள் வரிசையாகக் காத்திருக்கும். அந்த அறையில் ஒரு பெண்மணி பத்தொன்பது வருடங்களாக லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத கீறல் அவர் கண்ணில் படும். முடிந்த கண்ணாடியை விளக்குக்கு நேரே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போகாது, வேற லென்ஸ் வரவழைங்க" என்பார். முதலாளி அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார். கூப்பிடச் சோம்பல்பட்ட மற்றவர்கள் அதைப் பூதம் என்று குறுக்கிவிட்டார்கள். ஆள் என்னவோ ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவுதான்.

ஒரு லென்ஸை வெட்டி ஓரம் தேய்த்து முடிக்க இயந்திரத்துக்கு நான்கு நிமிடம் ஆகும். நான்கு நிமிடம் எதற்கும் பத்தாது. டீ குடிக்கப் போய்த் திரும்ப முடியாது. யாரிடமாவது பேச ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டும். வருடக்கணக்கில் அந்த நான்கு நிமிடங்களைச் சுவரைப் பார்த்தே கழித்தார். நாற்பத்தோராவது வயதில் போனில் ஒரு கார் பந்தய விளையாட்டு கிடைத்தது. ஒரு பந்தயம் மூன்றரை நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் சுவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பந்தயங்கள். போனைச் சாய்த்தால் கார் திரும்பும். இடது கட்டைவிரலுக்குப் பிரேக், வலதுக்கு வேகம். எந்த வளைவில் எந்தக் கம்பத்தைத் தாண்டியதும் திரும்ப வேண்டும் என்பது அவருக்கு ஒரு வருடத்திலேயே மனப்பாடமாகிவிட்டது. ஒரு மயிரிழை முன்னே பின்னே போனாலும் கண்டுபிடித்துவிடுவார். அளவு பார்ப்பதுதானே அவர் தொழில்.

அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். மனைவி ஓட்டுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் நாப்பதைத் தாண்டினா ஸ்கூல்லேர்ந்து ஃபோன் வந்துடுது. நீ முந்நூறுல போறே, உன்னை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க" என்பார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவருக்கு அக்கறை இல்லை.

அக்கறை இருந்தது மனைவியின் தம்பிக்கு. அக்காவுக்கு ஏழு வயது இளையவன். கண்ணாடிக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடையின் மாடியில், பத்து வருடமாக விளையாட்டுக் கூடம் நடத்திக்கொண்டிருந்தான். பன்னிரண்டு கம்ப்யூட்டர், நான்கு கன்சோல், கார் சீட் மாதிரி நாற்காலிகள், ஸ்டியரிங் சக்கரமும் கால்மிதியும் பொருத்திய இரண்டு இருக்கைகள். ஒரு காலத்தில் இடம் கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பாதி நாற்காலி காலி. வருகிறவர்களிலும் சிலர் அந்த நல்ல நாற்காலியில் சாய்ந்துகொண்டு தங்கள் போனில் விளையாடினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். அங்கே அவன் தன் ஆற்றாமையைக் கொட்டுவான்.

"போன்ல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாக்கா? பஸ்ஸுக்கு நிக்கறப்ப கொட்டாவி விடுற மாதிரி அது. நேரம் போகணும், அவ்வளவுதான். கையில ஒரு பட்டன் கிடையாது, விரல் வச்ச இடத்துல பாதை மறைஞ்சுபோகுது. அதுல எவன் என்னத்தக் கத்துக்கப் போறான்?"

"அப்படியா?" என்பார் அக்கா.

அக்கா ஓட்டத் தொடங்கிய இரண்டாம் வருட நடுவில் அதே பந்தய விளையாட்டு கம்ப்யூட்டருக்கும் கன்சோலுக்கும் வந்தது. போனில் இருப்பவரும் பெரிய திரை முன்னால் இருப்பவரும் இனி ஒரே பாதையில் ஓடலாம். ஊர் வாரியாக ஒரு பட்டியலும் போட்டார்கள். தம்பி சேர்ந்த ஒரே மாதத்தில் ஊர்ப் பட்டியலில் மூன்றாவது இடத்துக்கு வந்தான். முதலிடத்தில் 'பூதம்' என்று ஒரு பெயர் அசையாமல் நின்றது. யார் எதில் ஓட்டுகிறார்கள் என்று பட்டியலில் போடமாட்டார்கள். கடையில் அக்காவுக்கு என்ன பெயர் என்பதும் தம்பிக்குத் தெரியாது.

"பூதம்னு ஒருத்தன் இருக்கான்க்கா" என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குரலில் மரியாதை இருந்தது. "கண்டிப்பா ஸ்டியரிங் வச்சுத்தான் ஓட்டுறான். அந்தக் கை நிதானம் சும்மா வராது. பத்து வருஷமாவது பழகியிருக்கணும்."

அக்கா தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினார். கணவர் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறி எழுந்து போனார். இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின. சொல்லக்கூடாது என்றெல்லாம் அக்கா நினைக்கவில்லை. தம்பி ஒரு ஆளை இப்படிப் புகழ்ந்து அவர் கேட்டதே இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

கூடத்தின் பத்தாவது ஆண்டுக்குத் தம்பி ஒரு போட்டி வைத்தான். யாரும் வரலாம், போன் உட்பட எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஒவ்வொருவர் திரையும் சுவரில் பெரிதாகத் தெரியும் என்று விளம்பரத் தாளில் போட்டான். போனில் விளையாடுகிறவர்கள் எல்லோர் முன்னாலும் தோற்க வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு. பெயர் கொடுத்தவர்கள் வரிசையில் பூதமும் இருந்ததைப் பார்த்து அவனுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

போட்டி சனிக்கிழமை மதியம். கண்ணாடிக் கடை அன்று அரை நாள்தான். அக்கா கைப்பையோடு மாடி ஏறி வந்தார்.

"வாக்கா, என்ன விசேஷம்? வீட்டுல எல்லாரும் சுகந்தானே?"

"நான் ஓட்ட வந்தேன்."

"எத ஓட்ட?"

அவர் பட்டியலைப் பார்த்து, தன் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

தம்பி அந்த விரலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி விரலைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவன் ஒருவன், "நான் தாடி வச்ச ஒரு ஆளைத்தான் எதிர்பாத்தேன்" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

முதல் சுற்றில் பூதம் ஜெயித்தார். இரண்டாவதிலும் ஜெயித்தார். பெரிய சக்கரங்களுக்கும் கால்மிதிகளுக்கும் நடுவில், உள்ளங்கையளவு போனைப் பிடித்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த காட்சியைச் சிலர் படம் எடுத்துக்கொண்டார்கள். தம்பி இரண்டாவது சுற்று முழுக்க அக்காவின் பின்னால் நின்று, சுவரில் ஓடும் காரையும் அக்காவின் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

இறுதிச் சுற்றுக்கு முன் பத்து நிமிட இடைவெளி. அவன் அக்காவை மூலையில் இருந்த தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதே. நீ பிரேக்கே பிடிக்கல."

"பிடிக்கிறேனே."

"நீ விரலை வைக்கறதுக்கு முன்னாடியே வண்டிக்குப் பின்னாடி சிவப்பு விளக்கு எரியுது. ஒவ்வொரு வளைவுலயும். வண்டி தானா பிடிச்சுக்குது, திரும்பறதையும் கொஞ்சம் தானே சரிபண்ணுது. போன்ல அப்படித்தான் வச்சுக் கொடுப்பாங்க, உனக்குத் தெரிஞ்சிருக்காது. போனைக் கொடு."

அமைப்புகளுக்குள் போய், அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று என்று மூன்று படி இறங்கிக் காட்டினான். 'பிரேக் உதவி', 'திருப்ப உதவி'. இரண்டும் போட்டபடி இருந்தன. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையை முகத்தருகே கொண்டுபோய்ப் படித்தார். இரண்டு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. கீறலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

"விதியில இத நான் போடல. அதனால தப்பில்ல. நீ இப்படியே ஓட்டு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான் தம்பி. அதை மனதாரத்தான் சொன்னான்.

அக்கா இரண்டையும் அணைத்தார். நாற்காலிக்குத் திரும்பிப் போய், அங்கிருந்தவர்களிடம், "இவ்வளவு நேரம் பிரேக்கைப் போன் பிடிச்சிருக்கு. எனக்கு இப்பத்தான் தெரியும். இனிமே நான் பிடிக்கிறேன்" என்றார். சிலருக்கு அவர் சொன்னது புரியவில்லை. பந்தயம் ஆரம்பித்ததும் புரிந்தது. முதல் வளைவிலேயே கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. பாதையை மூன்று முறை சுற்றி வருவதற்குள் ஏழு மோதல். எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தார். முதலில் சிரித்தவர்கள் நான்காவது மோதலுக்குப் பிறகு சிரிக்கவில்லை. ஸ்டியரிங் இருக்கையில் இருந்த தாடிக்காரர் ஒருவர் ஜெயித்தார்.

வீட்டுக்குப் போனதும், "என்னாச்சு?" என்றார் கணவர்.

"வண்டி ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சுகிட்டேன்."

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் போனை எடுக்கவில்லை. லென்ஸ் வெட்டும் நேரத்தில் பழையபடி சுவரைப் பார்த்தார். வெட்கமா என்றால், இல்லை. அந்த ஆயிரக்கணக்கான வெற்றிகளில் தன்னுடையது எவ்வளவு, போனுடையது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதுதான் உறுத்தியது.

அடுத்த வாரம் அவர் பந்தயம் ஓட்டவில்லை, பார்த்தார். இறுதிச் சுற்றின் பதிவு போனில் இருந்தது. ஒவ்வொரு காரையும் தனித்தனியாக, மெதுவாக ஓடவிட்டு, ஃபிரேமை ஆராய்வது போல ஆராய்ந்தார். பிறகு தம்பி ஓட்டிய பழைய பந்தயங்களையும் எடுத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தம்பி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

"உன் வண்டிக்குப் பின்சக்கரம் வழுக்காதா?"

"என்னது?"

"மழைப் பாதையில கூட உன் பின்சக்கரம் ஒரு தடவை வழுக்கல. ஜெயிச்சாரே அவரோடதும் வழுக்கல. நான் உதவியை நிறுத்தினப்ப எனக்கு மட்டும் வழுக்கிச்சே, ஏன்?"

தம்பி தட்டைப் பார்த்தான். "அது... வழுக்காம இருக்க ஒரு உதவி இருக்கு. கம்ப்யூட்டர்ல எல்லாரும் அதை வச்சிருப்பாங்கக்கா."

"ஓ. எல்லாரும் வச்சிருப்பாங்க."

"அது பிரேக் மாதிரி இல்லக்கா, சின்ன விஷயம்."

"எவ்வளவு சின்னது? நிறுத்திட்டு ஓட்டிப் பாத்திருக்கியா?"

அவன் பார்த்ததில்லை. கணவர்தான் பேச்சை முடித்து வைத்தார்: "என் வேன்ல ஒரு உதவியும் கிடையாது. ரெண்டு பேரும் வாங்க, ஓட்டிக் காட்டுங்க."

திங்கட்கிழமை காலை கூடம் திறக்கும் முன் தம்பி தன் கம்ப்யூட்டரில் எல்லா உதவியையும் அணைத்துவிட்டு ஓட்டினான். புறப்பட்ட இடத்திலேயே கார் பம்பரமாகச் சுற்றியது. அன்று பதினோரு பந்தயம் ஓட்டி, ஒன்றைத்தான் ஒழுங்காக முடித்தான். அதை அவனே அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னான்.

இருவரும் புதிதாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஊர்ப் பட்டியலில் பூதம் எங்கோ நூற்றுச் சொச்சத்துக்குப் போய்விட்டது. தம்பி அதற்கும் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூடத்துக்குப் போய் அக்கா ஸ்டியரிங் இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தார். பாதை பெரிதாகத் தெரிந்தது. விரல் எதையும் மறைக்கவில்லை. காலால் பிரேக்கை அழுத்தும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்பது காலுக்கே தெரிந்தது. போனில் அது தெரியவே தெரியாது. தம்பி சொன்னதில் இவ்வளவும் உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அரை மணியில் எழுந்துவிட்டார்.

"ஏன்க்கா, நல்லாத்தானே ஓட்டுறே?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உக்காந்ததும் வேலைக்கு வந்த மாதிரி இருக்கு. எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கு."

ஐந்து மாதம் கழித்து, கூடத்தில் ஆளில்லாத ஒரு ஞாயிறு காலை, இருவரும் இருபது பந்தயம் ஓட்டினார்கள். அவன் ஸ்டியரிங்கில், அவர் போனில், இருவருக்கும் எந்த உதவியும் இல்லை. நடுவில் போன் தோசைக்கல்லாய்ச் சுட்டதால் இரண்டு முறை மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு பந்தயத்தின் கடைசி வளைவில் கணவர் ஃபோன் செய்ததால் திரை மறைந்து அக்கா தோற்றார். அதை மறுபடி ஓட்டலாம் என்றான் தம்பி. வேண்டாம், போன் என்றால் ஃபோன் வரத்தான் செய்யும், அதுவும் கணக்கில்தான் என்றார் அவர். முடிவில் தம்பி பதின்மூன்று, அக்கா ஏழு.

தம்பி சந்தோஷப்படவில்லை. "கைக்கு அடக்கமான ஒரு கண்ணாடித் துண்டை வச்சுக்கிட்டு ஏழு ஜெயிச்சிருக்கே. எனக்கு ஸ்டியரிங், கால்மிதி, சுவரளவு திரை எல்லாம் இருந்தும் பதிமூணுதான்."

"பதிமூணு ஏழை விடப் பெருசுதான். பெரிய திரைதான் ஒசத்தி. நீ சொன்னது சரி" என்றார் அக்கா. "ஆனா கொட்டாவி இல்லடா இது."

அடுத்த போட்டியின் விளம்பரத் தாளில் தம்பி, எதில் ஓட்டினாலும் எல்லா உதவியும் அணைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தான். கம்ப்யூட்டர்காரர்கள்தான் அதிகம் முணுமுணுத்தார்கள். அதில் அக்கா ஐந்தாவதாக வந்தார். பழைய தாடிக்காரர் பன்னிரண்டாவது.

கூடத்தில் கூட்டம் பெரிதாக ஏறிவிடவில்லை. தம்பி மூன்று கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேசையும் சார்ஜர் முனைகளும் வைத்தான். யாராவது புதிதாக வந்து, போனில் ஆடுவதெல்லாம் ஆட்டமா என்று கேட்டால் மட்டும், "அத என் அக்காகிட்ட ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்பான். அப்படி இருவர் கேட்டு, அக்காவோடு ஓட்டியும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெயித்தார்.