அத்தை வீட்டுச் சுவரில் எழுதியது

முழங்கை உயரக் கறுப்பு எழுத்துகள். 'இந்த வீடு எங்கள் நிறுவனத்தின் அடமானத்தில் உள்ளது. யாரும் வாங்க வேண்டாம்.' சிலமலையில் என் அத்தை வீட்டின் தெருப்பக்கச் சுவரில், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி எழுதியிருந்தார்கள். அவள் மலைக்கு வேலைக்குப் போயிருந்த பகலாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். சாயங்காலம் போடிமெட்டு இறங்கி வந்த ஜீப்பு அவளை வாசலில் இறக்கிவிட்டபோது, கூட வந்த பெண்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

அப்பாவின் தங்கை அவள். மாமா இறந்த பிறகு மலைமேல் ஒரு துண்டு ஏலக்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டாள். மழைக்கு ஒழுகிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்ட, பத்திரத்தை ஒரு கடன் கம்பெனியில் வைத்துக் கடன் வாங்கினாள். மாதாமாதம் தவணை. தோட்டத்தில் மாதாமாதம் காசு ஏது? காய் எடுத்து, உலர்த்தி, போடியில் விற்றால்தான் கையில் பணம் புழங்கும். உரக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் அதுவரை பொறுப்பார்கள். எங்கள் பக்கம் கடன் என்றாலே அப்படித்தான். கடன் கொடுக்க வந்த கம்பெனிப் பையனும் அத்தை போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே அதைத்தான் சொன்னான். "காய் வித்ததும் சேத்துக் கட்டிருங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

அத்தை நம்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். காய் விற்ற கையோடு போய், விடுபட்ட தவணைகளை மொத்தமாகக் கட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருவாள். அந்தப் பணம் அபராதத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது, தவணை அப்படியே நிற்கிறது என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்து, காய் பிஞ்சிலேயே உதிர்ந்தது. ஆங்கிலத்தில் நோட்டீசு வந்தது. மதுரையிலிருந்து நான் வந்து அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பையன் வேறு ஊருக்கு மாறிவிட்டானாம். அவன் வாயால் சொன்னதற்கெல்லாம் கம்பெனி பொறுப்பில்லையாம். ஏசி அறையில் சாய்ந்து உட்கார்ந்தபடி மேலாளர் இதைச் சொன்னார். அத்தையை உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கடன் கொடுக்கும்போது மட்டும் 'அக்கா, அக்கா' என்று வீடு தேடி வந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

அந்த எழுத்தின் மேல் வெள்ளையடித்துவிடுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காத அப்பு. காசக் கட்டுனதும் அவனுகளே வந்து அழிக்கட்டும். ஊரு பாக்க எழுதுனவன் ஊரு பாக்க அழிக்கணும்."

கட்ட முடியவில்லை. நகையை விற்றும் எட்டவில்லை. அரிசி களைந்து வைத்திருந்த ஒரு காலையில் அவளை வெளியேற்றிப் பூட்டுப் போட்டார்கள். வீட்டை வந்த விலைக்கு ஏலம் விட்டார்கள். இப்போது அவள் மலையில் ஓர் எஸ்டேட்டில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அடுத்தவர் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். சாமான் வாங்கப் போடிவரை இறங்குவாள், சிலமலை பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டாள்.

போன மழைக்காலத்தில் தேவாரம் போகிற வழியில் சிலமலையில் இறங்கினேன். வீட்டை வாங்கியவர் சுவருக்கு ரோஸ் நிறம் அடித்திருந்தார். நனைந்த சுவரில் கறுப்பு எழுத்துகள் மேலே வந்திருந்தன. எத்தனை தடவை அடித்தாலும் மழை பெய்தால் தெரிந்துவிடுகிறது என்று அலுத்துக்கொண்டார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எழுதியவன் இன்னும் வந்து அழிக்கவில்லையே. அதுவரை தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்காக அந்தச் சுவரைப் பார்த்தபடியே நின்றேன்.