பஞ்சு இருக்கும் இடம்

என் அலமாரியின் மேல்தட்டில் இரண்டு பொம்மைகள் இருக்கின்றன. ஆண் பொம்மை நெஞ்சு நிறையப் பஞ்சோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பெண் பொம்மை வெறும் சாக்குத் துணியாக அதன் பக்கத்தில் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் எலி கடித்துவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் அலுவலக வேலை பார்த்தேன். அங்கே நாடகம் போடுகிறவர் டீச்சர். ஓய்வு பெறும் வருஷத்தில், தன் அம்மாவின் கதையை மேடையேற்றியே தீருவேன் என்று கிளம்பினார். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். டீச்சர் அப்போது கைக்குழந்தை. ஆள் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. குழந்தையைக் காப்பாற்ற அம்மா அதே லயத்து வீட்டு வரிசையில் இருந்த இன்னொருவரைக் கட்டிக்கொண்டார். போர் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், முதல் கணவர் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றார். அம்மா தன் தட்டில் இருந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டார், மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். சுங்கை ஆயர் தாவார் என்ற ஊரில் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார். டீச்சர் இரண்டு பேரையும் அப்பா என்றுதான் சொல்வார்.

இந்தக் கதையை ஆள் உயரப் பொம்மைகளை வைத்து ஆடலாம் என்றார். எதற்குப் பொம்மை என்று கேட்டேன். நம் வாத்தியார்களுக்கெல்லாம் சட்டைப் பட்டன் தெறிக்கிறது, சயாமுக்குப் போனவராக யார் நடிப்பது என்று சிரித்தார். பொம்மை என்றால் இளைக்கும். சாக்கில் தைத்தது நான். முதுகில் ஒரு திறப்பு விட்டேன். ரயில் பாதைக் காட்சி ஒவ்வொன்றிலும், எல்லோர் கண்முன்னாலும், அதன் வழியே இலவம்பஞ்சை ஒரு பிடி உருவிவிடுவோம். கடைசிக் காட்சியில் அம்மா பொம்மை தன் வயிற்றுப் பஞ்சை எடுத்து அவருக்குள் திணிக்கும்.

நாடகம் போட ஊர் மண்டபத்தைக் கேட்டிருந்தோம். ஒத்திகை பார்க்க வந்த மண்டபத் தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குடும்பங்கள் வருகிற இடம், இரண்டாவது கல்யாணத்தை எடுத்துவிட்டு அவள் காத்திருந்ததாகக் காட்டுங்கள் என்றார். இல்லையென்றால் மண்டபம் கிடையாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் அவர் பக்கம்தான் பேசினேன். நாடகம்தானே, மாற்றினால் என்ன என்றேன். டீச்சர் என் கையிலிருந்த ஊசியை வாங்கிக் கீழே வைத்தார்.

“எங்கம்மா காத்திருந்தா நான் செத்திருப்பேன் லா. பசியில அழுத புள்ள நாடகத்துல இல்ல, ஒன் முன்னாடி நிக்குது.”

மண்டபம் வேண்டாம் என்று பள்ளியின் பூப்பந்துத் திடலிலேயே ஒரு சாயங்காலம் நாடகத்தை ஆடினோம். தலைவர் வரவில்லை. அவர் மனைவி வந்து முன்வரிசையிலேயே உட்கார்ந்தார். பெண் பொம்மை வெறும் துணியாகச் சரிந்தபோது யாரும் கைதட்டவில்லை. வயதான பெண்கள் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். அவர்களிலும் இரண்டு தாலி கண்டவர்கள் உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சர் காலமான பிறகு பொம்மைகள் என்னிடம் வந்தன. போன மாதம் அதே மண்டபத்து விழாவுக்கு அவற்றைக் கேட்டு ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான். கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவதாக முடிக்கலாம் என்றாள். பெண் பொம்மையை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

“இதுக்குக் கொஞ்சம் பஞ்சு வெச்சிடலாமா ஆன்ட்டி? பாவமா இருக்கு.”

“அவ பஞ்சு அவ குடுத்த எடத்துல இருக்கு. அப்படியே ஆடறதா இருந்தா எடுத்துட்டுப் போம்மா.”

கமிட்டியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். நான் பெண் பொம்மையை நீவி, பழையபடி ஆண் பொம்மையின் பக்கத்தில் வைத்தேன். கேட்கட்டும். பூப்பந்துத் திடல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.