வீரனுக்காக நடந்த பன்னிரண்டு கட்டை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாதத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். யாழ்ப்பாணத்தின் வடகரையில், மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தோம். என் தகப்பனும் சகோதரர்களும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் சட்டை கசங்காமல் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். உரும்பிராய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கடற்கரையிலிருந்து வந்த வாத்தியார் என்று அங்கே சிலர் என்னை அளந்து பார்த்துக்கொண்டிருந்த காலம். அவர்களை மட்டும் குறை சொல்வானேன், நானே என்னை அளந்துகொண்டுதான் இருந்தேன். மீன் வாசம் வருகிறதோ என்று சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் காலையில் பஸ் ஏறுவேன்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பெயர் வீரன். துறைமுகத்துக்கு மீன் ஏற்ற வந்த லொறியில் தாய் நாய் அடிபட்டுச் செத்தபோது, பக்கத்தில் ஒண்டிக் கிடந்த குட்டியை என் மனைவிதான் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தாள். வீரன், வீரன் என்று கூப்பிடக் கூப்பிடத் துணிவு வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தேங்காய் விழுந்தால் ஓடும். குடை விரித்தால் ஓடும். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்குக் கீழே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கும். அவள் வேலையைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்து, கையை நீட்டி அதன் தலையைத் தடவுவாள். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. அயலவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சில நேரம் எரிச்சல் வரும்.

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். என் தம்பி முற்றத்தில் தூண்டில்களுக்கு இரை குத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தான். வீரனுக்கு மீன் ஆசை. ஒரு இரைத் துண்டைத் தூண்டில் முள்ளோடு சேர்த்து விழுங்கிவிட்டது. நாங்கள் பார்க்கும்போது வாயோரத்தில் ஒரு முழம் தங்கூசி நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தூண்டில் கட்டுகிற அந்த நைலோன் நூலை இழுத்து எடுக்கலாம் என்று நான் கையை வைத்தேன். அது அலறிய அலறலில் மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். அந்தக் கிழமை எங்கள் பகுதி மிருக வைத்தியர் லீவில் போயிருந்தார். இனி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மைலை நாங்கள் கட்டை என்போம். பன்னிரண்டு கட்டை தூரம்.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வந்தேன். வேலிப் படலைக்கு வெளியே எஞ்சின் இரைந்ததுதான் தாமதம், வீரன் அவள் கையைப் பிய்த்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே பாய்ந்தது. தொங்கிய நூல் கட்டில் காலில் மாட்டி இழுபட்டது. வாயால் இரத்தம் வந்தது. கார்க்காரரைத் திருப்பி அனுப்பினேன்.

"இதை மோட்டாரிலை ஏத்தேலாது" என்றாள் அவள். "நான் விடியவெள்ளன நடந்து கொண்டுபோறன்."

"பன்ரண்டு கட்டையும் நடப்பீரோ?"

"ஓம். நீங்கள் வந்தால் நல்லது. வராட்டிலும் போவன்."

கிழக்கு வெளுக்கும்போது புறப்பட்டோம். வலை ஏற்றுகிற தள்ளுவண்டிலில் சாக்குகளை விரித்து வீரனைப் படுக்க வைத்தோம். நான் தள்ளினேன். அவள் பக்கத்திலேயே நடந்தாள். தொங்கிய நூலைத் தன் விரலில் சுற்றி, இறுகாமலும் விழாமலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் நாய் முன்னங்காலால் இழுத்துவிடும், அல்லது மிச்சத்தையும் விழுங்கிவிடும். நாய் தலையைத் திருப்புகிற பக்கமெல்லாம் அவள் கையும் திரும்பியது. பஸ் வரும்போது மட்டும் வண்டிலை வேலியோரம் ஒதுக்கி, அது போய் மறையும்வரை நாயைக் குனிந்து அணைத்துக்கொண்டு நிற்பாள். வசாவிளான் தாண்டினோம். புன்னாலைக்கட்டுவன் தாண்டினோம். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதுவரை எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

உரும்பிராய் கிட்ட வர வர எனக்குள் ஏதோ சுருங்கத் தொடங்கியது. அது என் பள்ளிக்கூடத்து ஊர். மீன் வாசம் அடிக்கிற வண்டிலில் நாயை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற மாஸ்டரைப் பிள்ளைகள் கண்டால் என்ன நினைக்கும்? அவர்களுடைய தாய் தகப்பன் என்ன சொல்வார்கள்? நான் வண்டிலை விட்டுவிட்டு, "இஞ்சேரும், நான் முன்னுக்குப் போய்த் தண்ணி வாங்கி வைக்கிறன். நீர் ஆறுதலாத் தள்ளிக்கொண்டு வாரும்" என்றேன். அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

விறுவிறென்று நடந்து ஒரு தேநீர்க் கடையடியில் போய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு நின்றேன். என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர் சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டதும் காலை ஊன்றி நின்றார்.

"என்ன மாஸ்டர், சனிக்கிழமையிலை இந்தப் பக்கம்?"

"பட்டினத்துக்குப் போறன்."

"உங்கை பின்னாலை ஒரு பொம்பிளை நாயை வண்டில்லை வைச்சுத் தள்ளிக்கொண்டு வருது. கண்டனீங்களே?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். "ஓம், கண்டனான். ஆரோ விசரி போலை கிடக்கு."

அவர் போய்விட்டார். நான் திரும்பினேன். பத்தடி தூரத்தில் அவள் நின்றாள்.

ஒரு கை நூலில் இருந்ததால், மற்றக் கையாலும் வயிற்றாலும் வண்டிலை நெம்பித் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. பைத்தியக்காரி என்று நான் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். அது அவள் கண்ணிலேயே தெரிந்தது. நான் நீட்டிய தண்ணீரை வாங்கி, முதலில் நாயின் உதட்டை நனைத்தாள். பிறகு என்னைக் கடந்து தள்ளிக்கொண்டு போனாள்.

நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் ஒற்றைக் கையால் திருப்பிய வண்டில் தெருவோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அச்சு முறிந்து ஒரு சில்லு கழன்று விழுந்தது. வீரன் சரியத் தொடங்க, அவள் நூலோடு சேர்த்து அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் இருந்துவிட்டாள். நாயின் வாயில் மறுபடி இரத்தம். இன்னும் நாலைந்து கட்டை இருந்தது.

அப்போது வெங்காய மூட்டைகளோடு ஒரு மாட்டு வண்டில் வந்தது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயதுத் தோட்டக்காரர். எங்களைக் கண்டு மாட்டை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை, நாய்க்கு என்ன?"

"தூண்டிலை விழுங்கிப்போட்டுது ஐயா. பட்டினத்துக்கு, மிருக வைத்தியரிட்டைக் கொண்டுபோறம்."

"ஆற்றை நாய்?"

அவள் குனிந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய நாய் என்ற அந்தக் கேள்வியை அவள் எனக்கு விட்டுவிட்டாள் என்பது விளங்கியது. கடைக்குள் இரண்டு மூன்று பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன்.

"எங்கடை நாய் அண்ணை" என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "இவ என்ரை மனுசி."

"அப்ப ஏத்துங்கோவன்" என்றார் அவர்.

முறிந்த வண்டிலைக் கடையோரம் ஒதுக்கிவிட்டு, மூட்டைகளைத் தள்ளி வைத்து, மாட்டுக்குக் கொண்டுவந்த வைக்கோலை விரித்து இடம் பண்ணித் தந்தார். வண்டில் நகர்ந்ததும் மாடுகளின் கழுத்து மணிகள் குலுங்கின. வீரன் வெருண்டு எழும்பப் பார்த்தது. யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே இறங்கிப்போய் இரண்டு மாட்டின் மணிகளையும் அவிழ்த்து, தோளில் கிடந்த துவாயில் சுற்றி மூட்டைகளுக்கு நடுவே செருகினார். பிறகு வண்டிலில் ஏறவில்லை. மாட்டுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குண்டு குழி பார்த்து நடந்து வந்தார்.

கொஞ்சத் தூரம் போனபின் அவள் என் பக்கம் திரும்பி, "இதைக் கொஞ்ச நேரம் பிடியுங்கோ, விரல் மரத்துப்போச்சு" என்று நூலைத் தந்தாள். அவள் விரலைப் பார்த்தேன். தங்கூசி அறுத்த இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாக வரி விழுந்திருந்தது. நூலை வாங்கி என் விரலில் சுற்றிக்கொண்டேன். நாயின் ஒவ்வொரு மூச்சும் அந்த நூல் வழியாக எனக்குத் தெரிந்தது. அதுவரை அவள் என்ன செய்துகொண்டு வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் போக வேண்டியது பட்டினத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்கு. சந்தை வந்தது, வண்டில் நிற்கவில்லை. "அண்ணை, உங்களுக்குப் பிந்திப் போகுமே" என்றேன். "நான் ஏற்கெனவே பிந்தித்தான். வெங்காயம் எழும்பி ஓடாது தம்பி" என்றார். வைத்தியர் வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

வைத்தியர் நல்ல மனுசன். ஊசி போட்டு மயக்கினார். நான் தலையைப் பிடிக்க, அவள் காலைப் பிடிக்க, அரை மணித்தியாலத்துக்கு மேல் பாடுபட்டு, அடிநாக்கில் ஏறியிருந்த தூண்டிலின் முனையை வெட்டி, முள்ளை எடுத்தார். கை கழுவும்போது, "நூலை ஆர் பிடிச்சுக்கொண்டு வந்தது?" என்று கேட்டார். நான் மனைவியைக் காட்டினேன். "இன்னும் ஒருக்கா இழுபட்டிருந்தால் நாய் இஞ்சை வந்து சேர்ந்திராது" என்றார். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

திங்கட்கிழமை திரும்பவும் காட்டச் சொன்னார். அரியாலையில் அவளுடைய சின்னம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். திங்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். காலையில் காட்டிவிட்டு ஊருக்கு நடக்கத் தொடங்கினோம். சோர்ந்துபோன வீரனை நான் தோளில் போட்டுக்கொண்டேன். உரும்பிராய்க்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் இடைவேளை. அந்த ஆசிரியர் வாசலில் நின்றார். மனைவி, "பேசாமல் வாருங்கோ" என்றாள். நான் தெருவைக் கடந்து அவரிடம் போனேன்.

"சனிக்கிழமை நான் விசரி எண்டு சொன்னது இவவைத்தான். என்ரை மனுசி. நாயும் எங்கடைதான்."

அவர் என் தோளில் கிடந்த வீரனைப் பார்த்து, "இப்ப நாய்க்குச் சுகமோ?" என்று கேட்டார். மதில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அடுத்த ஒரு வருடம் எனக்கு 'நாய் மாஸ்டர்' என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டார்கள். முதல் கிழமை அது குத்தியது. பிறகு பழகிவிட்டது.

வீரன் அதற்குப் பிறகும் ஏழு வருடம் இருந்தது. கடைசிவரை பயந்தாங்கொள்ளிதான். மனைவி அந்த வார்த்தையைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கதைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோதும், "திங்கட்கிழமை நீங்கள் அவருக்குச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதானே நிண்டனான்" என்று முடித்துவிட்டாள். நான் பிறகு எத்தனையோ பேர் முன்னால் எத்தனையோ விதமாக நின்றிருக்கிறேன். ஆனால் என்னோடு வருகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது, நாலடி முன்னால் போய்விடலாமா என்று கால் இன்றைக்கும் ஒரு கணம் யோசிக்கிறது, அந்தக் கணத்தில் அதைப் பிடித்து நிறுத்துவதைத்தான் நான் இந்த வயதிலும் பழகிக்கொண்டிருக்கிறேன்.