லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்

செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தோராண்டு எடைமேடைக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயாசாமி, வாரத்தில் மூன்று நாள் மட்டும் விடியுமுன் வாசல் விளக்கைப் போடுவார். அவர் மனைவி ராஜம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் காலை ஏழு மணிக்கு அவள் குளுவாங் டயாலிசிஸ் நிலையத்தில் இருந்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் ஏறும், மூச்சு வாங்கும். அவர்கள் ஊரான காஹாங்கிலிருந்து அந்நேரத்தில் பஸ்ஸும் இல்லை, வாடகைக் காரும் இல்லை. பார்வை மங்கிய ஐயாசாமி கார் ஓட்டுவதை நிறுத்திப் பல காலமாகிறது.

பக்கத்து வீட்டுச் செல்வாதான் அவளைக் கொண்டுபோய் விட்டுவந்தான். அவனுக்குக் குளுவாங்கில் தொழிற்சாலை வேலை; திரும்ப அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள். அவனுடைய பழைய கார் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் ஓடும். ஆகவே அவ்வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் நிலைத்திருந்தது. தனியாக எவரும் குளுவாங் போவதில்லை. நால்வர் சேர்ந்து, ஆளுக்கு ஐந்து வெள்ளி பெட்ரோலுக்குக் கொடுத்துப் போவார்கள். அந்தப் பணம் வேண்டியிருந்ததால் செல்வா ஆறு மணிக்கு ஒரு நிமிடமும் தவறமாட்டான்.

நான்கு மாதத்துக்கு முன் அவன் புதிய கார் வாங்கினான்.

"லிட்டருக்கு இருபத்திரண்டு ஓடுது மாமா! பெட்ரோல் வெலயும் எறங்கிருச்சு. இனிமே அத்தைக்குக் காசு வேணாம்லா, சும்மாவே வரட்டும்" என்றான்.

ஐயாசாமியும் பல்லைக் காட்டிக்கொண்டு சரியென்றார். அதை நினைக்கும்போதெல்லாம் இப்போது அவருக்குத் தம் மீதே வெறுப்பு வந்தது.

காசு நின்றதும் ஒழுங்கும் நின்றது. மற்ற இருவரை ஏற்றுவதையும் செல்வா விட்டுவிட்டான். தேநீர் குடிக்க நூறு கிலோமீட்டர் தாண்டி ஸ்கூடாய். வான்தான் மீ நூடுல்ஸ் தின்னக் கடலோரப் பொந்தியான். கேட்டால், "பெட்ரோல் என்னா பெரிய செலவு?" என்பான். ராஜம்மா ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தாள்; பிறகு ஏழரைக்கு. வந்த தாமதமெல்லாம் அவள் சிகிச்சை நேரத்திலிருந்து கழிந்தது.

சென்ற செவ்வாய் ஆறரை ஆகியும் செல்வா வரவில்லை. ஐயாசாமி கதவைத் தட்டினார். அவன் மனைவி பிரேமலா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"பொந்தியான் போயிட்டு இப்பத்தான் வந்து படுத்தாரு மாமா. இன்னிக்கு மத்தியான ஷிப்ட்டாம்."

அவளுக்குப் பின்னால் செல்வா பனியனோடு வந்து நின்றான். "அலமாக்! மறந்தே போச்சு மாமா. ஒம்பது மணிக்குப் போலாமா?"

"ஒம்பது மணிக்கு அந்தப் படுக்கையில வேற ஆள் படுத்திருப்பாங்க."

"ரெண்டு மணி நேரமாவது தூங்கலன்னா நான் எப்படி மாமா ஓட்டுறது?"

ஐயாசாமி வாசலில் நின்ற காரருகே போனார். காருக்குள் எட்டிப் பார்த்தார். பின்னிருக்கையில், ராஜம்மா உட்காரும் இடத்தில், குழம்பு காய்ந்த பொட்டலங்கள் கிடந்தன. புளித்த நாற்றம் அடித்தது.

"எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கு?"

"பதினெட்டாயிரத்து எண்ணூறு" என்றான் செல்வா பெருமையாக.

எடைமேடையில் பழகிய மூளை நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டது. பழைய கார் மாதம் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் ஓடி நூற்றைம்பத்தைந்து லிட்டர் குடித்தது. இந்தச் சிக்கன வண்டி நாலாயிரத்து எழுநூறு ஓடி இருநூற்றுப் பதின்மூன்று லிட்டர் குடிக்கிறது. இதற்குப் பெயர் சேமிப்பு!

அன்று ராஜம்மா போகவில்லை. மறுநாள் மாலைதான் இடம் கிடைத்து, பஸ்ஸில் போய்வந்தாள். அதற்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. மூச்சு வாங்கியதால் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழித்தாள்.

ஐயாசாமி குளுவாங் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் டொரத்தியிடம் போனார். அவளுடையது இருபது வருடத்து வேன். ஆள் சேராமல் ஓட்டினால் கட்டாது. செல்வா கைவிட்ட இருவரையும் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கு ஆறு வெள்ளி என்று பேசி முடித்தார்.

வியாழன் ஆறு மணிக்கு வேன் வந்து நின்றது. சத்தம் கேட்டுச் செல்வா ஓடிவந்தான்.

"மாமா, இந்த டப்பா பெட்ரோல குடிச்சுத் தள்ளும்! நான்தான் சும்மா கூட்டிட்டுப் போறேன்றேனே?"

"நீ சும்மா கூட்டிட்டுப் போன லட்சணம் ஒங்க அத்தை கால்ல தெரியுது. தள்ளி நில்லு."

அவர் ராஜம்மாவை மெல்லத் தூக்கி முன்னிருக்கையில் உட்கார்த்தினார்.

"மணி ஆறு ரெண்டு" என்றாள் டொரத்தி. "கதவச் சாத்துங்க ஐயா."