தீவுக்கிழவனுக்கு மாலையிட்ட இளவரசி

ஐம்பதுகளின் இறுதியில் எங்கள் படிப்பகம் தேக்காவில் ஒரு தையற்கடையின் மாடியில் இருந்தது. ஞாயிறுதோறும் அங்கே சொற்போர் நடக்கும். வென்ற அணியின் தீர்மானத்தைத் தோற்ற அணி மறுநாளே தன் கையால் நிறைவேற்றித் தர வேண்டும். அது எங்கள் வழக்கம்.

அந்த வாரம் எதிரணி கொண்டுவந்த தீர்மானம்: 'மாயக்கதை நூல்களை அகற்றுக!' தோற்றால், நான் ஆசை ஆசையாகப் படித்த நூல்களை நானே சுமந்துபோய்க் கச்சாங் பூத்தே விற்கும் கடலை வண்டிக்காரரிடம் பொட்டலம் மடிக்கக் கொடுக்க வேண்டும்.

எதிரணித் தலைவர் என்னோடு மேடைப் பயிற்சி பெற்ற நண்பர். குரலில் என்னினும் வல்லவர், வாதத்தில் அல்லர். அடைமொழியின்றி எவரையும் விளிக்கலாகாது என்பது எங்கள் முதற்பாடம். ஆகவே, கிராஞ்சியில் தோட்டம் வைத்திருந்த அவைத்தலைவரை அவர், "கிராஞ்சியின் நிலக்கிழார் அவர்களே!" என்று வணங்கித் தொடங்கினார். பிறகு ஒரு நூலை உயர்த்திக் காட்டினார்.

"இளவரசி யாருக்கு மாலையிட்டாள்? தீவுக்கிழவனுக்கு! அந்தக் கிழவன் மதில் தாண்டினான். பூதத்தோடு மல்லுக்கு நின்றான். பறக்கும் குதிரையில் பாய்ந்தேறினான். அன்பர்களே, கைத்தடியை எங்கே வைத்தான்?"

"பல்செட்ட கழட்டி வச்ச எடத்துலதான் லா!" என்றது பின்வரிசை. என் அணியினரே சிரித்துவிட்டார்கள்.

கதையின் அந்த இடத்தில் நானும் பலமுறை திகைத்தவன்தான். ஆனால் நண்பரின் வணக்கவுரை என் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கியதும் எழுந்தேன்.

"நண்பர் நம் இளந்தலைவரை நிலக்கிழார் என்றாரே, முதியவர் என்றா பழித்தார்? இல்லை, நிலத்துக்கு உரியவர் என்று போற்றினார். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாளே இந்த ஞாயிற்றுக்கிழமை. பழந்தமிழில் கிழவன் என்றால் உரியவன், தலைவன். தீவுக்கிழவன் தீவை ஆண்ட கட்டிளங்காளை! பழஞ்சொல்லை வைத்தவர் கதாசிரியர். கைத்தடியை வைத்தவர் என் நண்பர்!"

கைதட்டலில் மாடிப்பலகை அதிர்ந்தது.

"அப்பாடா! இத என் வீட்டுக்காரிகிட்டயும் வந்து சொல்லுப்பா," என்று சிரித்தபடி அவைத்தலைவர் வெற்றியை எங்களுக்கே அளித்தார்.

எங்கள் தீர்மானம், மாயக்கதை நூல்கள் அனைத்துக்கும் புது அட்டை போடுவது. மறுநாள் மாலை படிப்பகத்துக்குப் போனேன். பசை காய்ந்துகிடந்தது, அட்டைத்தாள்கள் பிரிக்கப்படாமலே இருந்தன. நண்பர் தரையில் சாய்ந்து அதே நூலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, அட்ட எங்க?"

அவர் தலைநிமிரவில்லை. "இருய்யா, பூதம் இப்பத்தான் வருது."